அம்மா, அப்பாவின் கணக்குக்கு நெட் பேங்கிங் எடுக்கிறீர்களா? இந்த வரிசையில் போங்கள்

அம்மாவின் குடும்ப ஓய்வூதியக் கணக்கை ஆன்லைனுக்குக் கொண்டுவர நாங்கள் பட்ட அலைச்சலில் பாதி தேவையே இல்லாதது. வங்கியில் கவுன்ட்டருக்குக் கவுன்ட்டர் வேறு வேறு பதில். எது முதலில், எது பிறகு என்று யாரும் சொல்லவில்லை. "ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள்" என்ற அட்டை மட்டும் எல்லா மேசையிலும் இருந்தது. நல்ல அறிவுரைதான். ஆனால் அந்த ஓடிபி எந்த எண்ணுக்குப் போகிறது, அந்த எண் இப்போது யார் கையில் இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஆன்லைனில் வங்கிக்கு உங்கள் முகம் தெரியாது. பதிவான கைபேசி எண், அந்த சிம் போட்ட போன், உங்களுக்கு மட்டும் தெரிந்த பின் எண், இந்த மூன்றையும் வைத்துத்தான் இது நீங்கள் என்று அது முடிவு செய்கிறது. மோசடியும் இரண்டு வழியில் நடக்கிறது. ஒருவன் உங்களைப் போல நடித்து உள்ளே நுழைவான். அல்லது உங்களை மிரட்டியோ ஆசை காட்டியோ உங்கள் கையாலேயே பணத்தை அனுப்ப வைப்பான். எண்ணையும் பின்னையும் ஒழுங்காக வைத்திருந்தால் முதல் ஆளைத் தடுக்கலாம். இரண்டாவது ஆளை எந்தப் பின்னும் தடுக்காது, ஏனென்றால் அதைப் போடுவதே நீங்கள்தான். அங்கே கைகொடுப்பது பண வரம்பு ஒன்றே. கீழே உள்ள படிகளில் பாதி முதல் ஆளுக்கு, மீதி இரண்டாவது ஆளுக்கு.

1. முதலில் எண்ணைப் பாருங்கள், வங்கிக்கு அப்புறம் போகலாம்

பல வீடுகளில் அம்மாவின் கணக்கில் அப்பாவின் எண் இருக்கும், அல்லது ஐந்து வருடத்துக்கு முன் விட்டுவிட்ட ஏதோ ஒரு பழைய எண் இருக்கும். இது சாதாரண விஷயம் இல்லை. ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் எதற்கும் பயன்படுத்தாமல், இருப்பும் இல்லாமல் விட்டால் நிறுவனம் அதைத் துண்டிக்கலாம். பிறகு கொஞ்ச காலம் கழித்து அதே எண் வேறு யாருக்காவது விற்கப்படும். உங்கள் அம்மாவின் ஓடிபியும் கணக்கு இருப்பும் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்க்கொண்டிருக்கும். கைவிடப்பட்ட எண்களின் பட்டியலைப் பார்த்து வாரம் ஒருமுறையாவது தங்கள் பதிவுகளைச் சரிசெய்ய வேண்டும் என்று 2025 ஏப்ரலிலிருந்து வங்கிகளுக்கும் யூபிஐ ஆப்களுக்கும் விதி இருக்கிறது. அதை நம்பி நீங்கள் சும்மா இருக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கணக்கு யாருடையதோ, எண்ணும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். மகன் பெயரில் எடுத்த சிம்மை அம்மா பயன்படுத்தினால் அன்றாடம் ஒன்றும் கெடாது. ஆனால் சிம் தொலைந்து மாற்று சிம் எடுக்கும்போது மகன் நேரில் வர வேண்டும். மகன் துபாயில் இருந்தால்? மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டால், அதே அடையாளச் சான்றின் பேரில் எத்தனை சிம்கள் இருக்கின்றன என்று காட்டும். தெரியாத எண் இருந்தால் அங்கேயே "இது என் எண் இல்லை" என்று புகார் போடலாம். கட்டணம் இல்லை.

இறந்தவர் பெயரில் உள்ள எண்ணைக் குடும்பத்தில் இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியும். இறப்புச் சான்றிதழ், மாற்றிக்கொள்பவரின் ஆதார், உறவுக்கான சான்று ஆகியவற்றோடு நிறுவனத்தின் சொந்த ஷோரூமுக்குப் போங்கள். தெருமுனை ரீசார்ஜ் கடையில் இது நடக்காது.

நேரக் கணக்கு ஒன்று முக்கியம். மாற்று சிம் எடுத்தால் முதல் 24 மணி நேரம் அதில் எஸ்எம்எஸ் வராது, போகாது. சிம் மோசடியைத் தடுக்க அரசே வைத்த பூட்டு அது. அதனால் காலையில் சிம் வாங்கிவிட்டு மதியமே வங்கிக்குக் கிளம்பாதீர்கள். ஓடிபி வராது, கவுன்ட்டரில் இருப்பவர் உங்களைத்தான் முறைப்பார்.

2. வங்கியில் எண்ணை மாற்றுதல்

கணக்கு இருக்கும் கிளைக்கே போவது நல்லது. கையில் இருக்க வேண்டியவை: பாஸ்புக், ஆதார் அசலும் நகலும், பான் அட்டை நகல், இரண்டு பாஸ்போர்ட் அளவு போட்டோ. போட்டோ தேவைப்படாமலும் போகலாம். ஆனால் இல்லையென்றால் கட்டாயம் கேட்பார்கள், அது என்ன ராசியோ தெரியாது. எண் மாற்ற பெரும்பாலும் கட்டணம் இல்லை.

பெரியவர்கள் விஷயத்தில் வண்டி நிற்கும் இடம் கையெழுத்து. இருபது வருடத்துக்கு முன் கணக்கு தொடங்கும்போது போட்ட கையெழுத்து இப்போது வராது. கை நடுங்கும், எழுத்து சாயும். படிவத்தில் போட்டது பழையதோடு ஒத்துப்போகவில்லை என்று சொல்லி எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கென்று மாதிரிக் கையெழுத்தை மாற்றும் படிவம் தனியாக இருக்கிறது என்பதை அன்று சொல்லவில்லை. நீங்கள் முதல் நாளே இரண்டு படிவத்தையும் சேர்த்துக் கேளுங்கள். கேஒய்சி (வங்கியிடம் உள்ள உங்கள் அடையாள, முகவரி விவரம்) புதுப்பிக்க வேண்டியிருக்கிறதா என்றும் கேட்டு, இருந்தால் அதையும் அன்றே முடித்துவிடுங்கள்.

கூட்டுக் கணக்கு என்றால் இன்னொரு சிக்கல். ஒவ்வொருவருக்கும் தனித்தனி வாடிக்கையாளர் எண் இருக்கும், ஒவ்வொன்றிலும் தனித்தனி கைபேசி எண் பதிவாகியிருக்கும். முதல் பெயர்க்காரரின் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு வந்தால் இரண்டாமவருக்கு ஒன்றும் மாறியிருக்காது. "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்" என்ற முறையில் உள்ள கணக்குக்கு ஆன்லைன் வசதி எளிதாகக் கிடைக்கும். இருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய கணக்கு என்றால் பெரும்பாலான வங்கிகளில் பார்க்க மட்டும்தான் முடியும், பணம் அனுப்ப முடியாது. கணக்குக்காரர்களில் ஒருவர் காலமாகியிருந்தால், அவருடைய ஏடிஎம் அட்டையையோ யூபிஐயையோ "தற்காலிகமாக" ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் இறப்புச் சான்றிதழ் கொடுத்துப் பெயரை நீக்குங்கள்.

படிவத்தைக் கொடுத்ததும் முத்திரை போட்ட ரசீது வாங்குங்கள். "சிஸ்டத்தில் ஏறிவிட்டது" என்ற வாய்வார்த்தையை நம்பாதீர்கள். பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் குறுஞ்செய்தி வரும். அது வந்தால்தான் ஏறியிருக்கிறது. மின்னஞ்சலும் இருந்தால் பதிவு செய்யுங்கள். அறிவிப்பு இரண்டு வழியில் வருவது நல்லது. எஸ்எம்எஸ் அறிவிப்புக்குச் சில வங்கிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சிறு தொகை பிடிக்கும். அந்தக் காசை மிச்சம் பிடிக்க அறிவிப்பை நிறுத்தாதீர்கள்.

3. ஆதாரிலும் அதே எண்

ஆதாரில் வேறு எண் இருந்தால் பின்னால் இரண்டு இடத்தில் மாட்டும்: யூபிஐ பின்னை ஆதார் ஓடிபி மூலம் அமைக்கும்போது, ஆதாரில் உள்ள விரல்ரேகைப் பதிவுக்கு (பயோமெட்ரிக்) போட்ட பூட்டைத் திறக்கும்போது. எண் மாற்ற ஆவணம் எதுவும் வேண்டாம், ஆள் நேரில் போய் விரல்ரேகை வைத்தால் போதும். 2025 அக்டோபரிலிருந்து கட்டணம் 75 ரூபாய். ஆதார் சேவை மையத்தில் செய்யலாம். நடக்க முடியாதவர்களுக்கு அஞ்சல் வங்கி வழியாகத் தபால்காரரே வீட்டுக்கு வந்து செய்யும் வசதியும் உண்டு. அஞ்சலகத்தில் விசாரியுங்கள். பதிவில் ஏற ஒரு சில நாள் ஆகலாம், 30 நாள் வரையும் இழுக்கலாம். அதனால் வங்கி வேலையோடு சேர்த்தே இதையும் தொடங்கிவிடுங்கள்.

கையோடு பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். விரல்ரேகையை வைத்து வங்கி முகவரிடம் பணம் எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதில் பின்னும் கிடையாது, ஓடிபியும் கிடையாது. பத்திரப் பதிவு ஆவணங்களிலிருந்து ரேகையை நகலெடுத்துப் பணம் எடுத்த வழக்குகள் பல மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன. ஆதார் ஆணையத்தின் தளத்திலோ ஆப்பிலோ ஒரு நிமிடத்தில் பூட்டலாம். ஒரே தொல்லை, ரேஷன் கடையில் கைரேகை ஏறாது, ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்றும் நடக்காது. போவதற்கு முன் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். சிறிது நேரத்தில் தானே பூட்டிக்கொள்ளும். வரிசையில் நின்று முறை வரும் நேரத்தில் திறந்தால் போதும், வீட்டிலிருந்தே திறந்துவிட்டுப் போனால் பயனில்லை.

4. சிம்முக்கும் ஒரு பூட்டு

போனுக்கு எல்லோரும் பூட்டுப் போடுகிறார்கள். சிம்முக்கு யாரும் போடுவதில்லை. போனைத் திருடியவன் உங்கள் திரைப் பூட்டோடு மல்லுக்கட்ட மாட்டான். சிம்மைக் கழற்றித் தன் போனில் போடுவான், ஓடிபி அவனுக்கு வரும். சிம் பின் வைத்திருந்தால் வேறு போனில் போட்டதும் அது பின் கேட்டு நிற்கும். போனின் பாதுகாப்பு அமைப்புகளில் சிம் பூட்டு என்று இருக்கும். முதலில் நிறுவனம் வைத்த பின்னைக் கொடுத்து, பிறகு உங்களுடையதாக மாற்ற வேண்டும். நிறுவனத்தின் பின் எது என்பதை வாடிக்கையாளர் சேவையில் கேட்டுக்கொண்ட பிறகே கை வையுங்கள். மூன்று முறை தவறாகப் போட்டால் சிம் முடங்கும், நிறுவனத்திடம் பியூகே என்ற திறப்பு எண்ணை வாங்கித்தான் திறக்க முடியும். போனை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் இந்தப் பின்னைக் கேட்கும் என்பதையும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: *#21# என்று டயல் செய்தால் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பி விடப்பட்டிருக்கிறதா என்று தெரியும். கூரியர் வந்திருக்கிறது, இந்த எண்ணை டயல் செய்யுங்கள் என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் அழைப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளத்தான். ஓடிபியைக் குரல் அழைப்பில் பெறும் வழியும் இருப்பதால் இது ஆபத்து. நீக்க ##002# போடுங்கள்.

5. ஆப் இறக்கி, பின் அமைத்தல்

வங்கியின் ஆப்பை ப்ளே ஸ்டோரில் பெயர் போட்டுத் தேடாமல், வங்கியின் தளத்துக்குப் போய் அங்குள்ள இணைப்பின் வழியே இறக்குங்கள். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2025 அக்டோபர் முடிவுக்குள் எல்லா வங்கிகளும் "டாட் பேங்க் டாட் இன்" என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ஆகிவிட்டது. வங்கிகளுக்கு மட்டுமே அந்த முகவரி கிடைக்கும். அதனால் போலித் தளத்தைக் கண்டுபிடிப்பது முன்பைவிட எளிது. முகவரியின் கடைசிப் பகுதியைப் பாருங்கள், முதல் பகுதியை அல்ல.

பதிவு செய்யும்போது ஆப் உங்கள் சிம்மிலிருந்து தானாக ஓர் எஸ்எம்எஸ் அனுப்பும். இது எண்ணையும் போனையும் கட்டிப்போடும் வேலை. இங்கே பலர் மாட்டுவது சப்பைக் காரணங்களால். இரண்டு சிம் போனில் தவறான சிம்மைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அல்லது ரீசார்ஜ் பேக்கில் எஸ்எம்எஸ் இருக்காது. குறைந்த விலை பேக் போட்ட பெரியவர்களின் போனில் இது அடிக்கடி நடக்கும், ஆப்போ காரணம் சொல்லாமல் "மீண்டும் முயலவும்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். முதலில் யாருக்காவது ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள், போகிறதா என்று.

யூபிஐ பின் அமைக்க டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்களும் காலாவதி மாதமும் வேண்டும். பீரோவில் உறைக்குள்ளேயே கிடக்கும் கார்டு காலாவதியாகியிருக்கும், அல்லது ஒருமுறைகூட ஏடிஎம்மில் போடாததால் இயங்காமல் இருக்கும். இரண்டையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். கார்டே இல்லாதவர்களுக்கு ஆதார் ஓடிபி வழி இருக்கிறது. பின்னுக்குப் பிறந்த வருடம் வேண்டாம், ஏடிஎம் பின்னும் வேண்டாம். இது கார்டு பின்னிலிருந்து வேறாக இருக்கட்டும். புதிதாக அமைத்ததும் முதல் 24 மணி நேரம் யூபிஐயில் 5,000 ரூபாய்க்கு மேல் போகாமல் இருக்கலாம். பழுது என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் எஸ்எம்எஸ் ஓடிபிதான் என்ற காலம் மாறுகிறது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் என்று ரிசர்வ் வங்கி சொன்ன விதிகளின்படி, மின்னணுப் பணப்பரிமாற்றத்துக்குக் குறைந்தது இரண்டு அடையாளச் சோதனைகள் வேண்டும், அவற்றில் ஒன்று அந்தப் பரிமாற்றத்துக்கென்றே புதிதாக உருவானதாக இருக்க வேண்டும். உங்கள் வங்கி ஆப்பிலேயே ஒப்புதல் கேட்கும் வசதி கொடுத்தால் அதற்கு மாறிக்கொள்ளுங்கள். எஸ்எம்எஸ்ஸைத் திருடும் ஆப்கள் பெருகிவிட்டன. வாட்ஸ்அப்பில் "போக்குவரத்து அபராதம்", "கல்யாணப் பத்திரிகை" என்று வரும் ஏபிகே கோப்பை (ஆப்பை நிறுவும் கோப்பு) திறந்து நிறுவினால், உங்களுக்கு வரும் ஓடிபி அவனுக்கும் போகும். நீங்கள் யாரிடமும் எதையும் சொல்லியிருக்க மாட்டீர்கள், பணம் மட்டும் போயிருக்கும். போன் அமைப்புகளில் எஸ்எம்எஸ் அனுமதி எந்தெந்த ஆப்களுக்கு இருக்கிறது என்று பார்த்துத் தேவையில்லாதவற்றை எடுத்துவிடுங்கள். ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப் நிறுவும் அனுமதியையும் மூடுங்கள்.

6. வரம்பைக் குறையுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்

என்னைக் கேட்டால் முழுக் கட்டுரையிலும் இதுதான் முக்கியம். ஆப் திறந்த அன்றைக்கே செய்ய வேண்டியதும் இதுதான்.

போலீஸ் சீருடையில் வீடியோ அழைப்பு வரும், உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டது, "டிஜிட்டல் கைது" செய்திருக்கிறோம் என்பான். அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையவே கிடையாது. ஆனால் பயந்துபோன மனுஷி பின்னைச் சரியாகவே போடுவார், ஓடிபியையும் தானே போடுவார். வங்கியின் கணினிக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். அந்த நேரத்தில் நாளொன்றுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் போகாது என்று இருந்தால், போவது பத்தாயிரம். இல்லையென்றால் வாழ்நாள் சேமிப்பு.

யூபிஐயில் பொதுவாக நாளுக்கு ஒரு லட்சம் வரை அனுப்பலாம். நெட் பேங்கிங்கில் அதைவிடப் பல மடங்கு. மாதம் காய்கறியும் மருந்தும் வாங்கும் ஒருவருக்கு அது எதற்கு? ஆப்பில் பரிமாற்ற வரம்பு என்ற இடத்தில் இரண்டையும் இறக்குங்கள். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு, ஆன்லைன் பயன்பாடு, தொட்டுச் செலுத்துவது மூன்றுக்கும் தனித்தனி சுவிட்சுகள் இருக்கும். இதைக் கொடுக்க வேண்டும் என்று 2020-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. தொட்டுச் செலுத்துவதில் 5,000 ரூபாய் வரை பின் கேட்காது, அதனால் தேவையில்லையென்றால் அணைத்துவிடுங்கள்.

இன்னும் நல்லது, ஆப்போடு இணைக்காத கணக்கில் பெரும்பணத்தை வைப்பது. ஓய்வூதியம் விழும் கணக்கு தனி, யூபிஐக்கு இருப்பது தனி. மாதம் ஒருமுறை தேவையானதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வைப்புத்தொகையை ஆன்லைனில் முறிக்கும் வசதியை நிறுத்த முடியுமா என்றும் கேளுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மோசடிக்காரன் எஃப்டியை முறிக்க வைத்துத்தான் பெரிய தொகையை எடுக்கிறான்.

7. அழைப்பவர் வங்கிதானா?

2026 தொடக்கத்திலிருந்து வணிக வங்கிகளின் சேவை அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்து வர வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் உத்தரவு. குறுஞ்செய்தியில் அனுப்புநர் பெயருக்குக் கடைசியில் ஒரு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். பரிமாற்றத்துக்கு டி, சேவைக்கு எஸ், விளம்பரத்துக்கு பி, அரசுக்கு ஜி. பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து "உங்கள் கேஒய்சி முடிந்தது, கணக்கு முடங்கும்" என்று வந்தால் அது வங்கி இல்லை.

வங்கியின் உதவி எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். போலி எண்களை வரைபடத்திலும் தேடலிலும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். கார்டின் பின்புறம் உள்ள எண்ணை இன்றே போனில் சேமித்துவிடுங்கள். திரையைப் பகிரச் சொன்னால் அழைப்பைத் துண்டியுங்கள். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் எண்ணைப் போட வேண்டியதே இல்லை. இந்த ஒரு வரியை அம்மாவின் போன் உறைக்குள் எழுதி வைத்தேன்.

8. பணம் போய்விட்டால்

முதலில் 1930, சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண். வங்கிக்கு முன்பே இதை அழைக்கலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்கும் வாய்ப்பு இங்கேதான். லைன் கிடைக்கவில்லையென்றால் காத்திருக்காமல் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். கையில் வேண்டியவை: கணக்கு எண், பணம் போன நேரம், தொகை, பரிமாற்றக் குறிப்பு எண், எந்தக் கணக்குக்கு அல்லது யூபிஐ முகவரிக்குப் போனது என்ற விவரம், குறுஞ்செய்திகளின் படம். எதையும் அழிக்க வேண்டாம், வெட்கப்பட்டு வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடுபவர்கள் அதிகம்.

அடுத்து வங்கியில் கார்டு, யூபிஐ, நெட் பேங்கிங் மூன்றையும் முடக்கச் சொல்லி, புகார் எண்ணை வாங்குங்கள். எழுத்தில் ஒரு நகலும் கொடுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிகளின்படி, தவறு வங்கியுடையது என்றால் உங்களுக்கு நட்டம் இல்லை. தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, இடையில் வேறெங்கோ என்றால், அறிவிப்பு வந்ததிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் நட்டம் பூஜ்யம். நான்கிலிருந்து ஏழு நாளுக்குள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் உங்கள் தலையில். அதற்கு மேல் தாமதமானால் வங்கியின் கொள்கைப்படி. நீங்களே ஓடிபியோ பின்னோ கொடுத்திருந்தால் புகார் செய்யும்வரை போனது உங்களுடையது, அதற்குப் பிறகு போவது வங்கியுடையது. அதனால்தான் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. விதிகள் அவ்வப்போது திருத்தப்படும், உங்கள் வங்கியின் வாடிக்கையாளர் பொறுப்புக் கொள்கையைத் தளத்தில் ஒருமுறை படித்து வையுங்கள்.

அங்கீகாரமற்ற பரிமாற்றம் என்று புகார் செய்தால், 10 வேலை நாளுக்குள் அந்தத் தொகையை வங்கி தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதும் அதே விதிகள்தான். கிளையில் இதைச் சொன்னால் சிலர் கேள்விப்படாதது போல் பார்ப்பார்கள். இப்போதுள்ள விதிகளின் அச்சுப்பிரதியைக் கையோடு கொண்டு போங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். அதற்கு வங்கி கொடுத்த புகார் எண், தேதி, முத்திரை போட்ட ரசீது கேட்பார்கள். முன்னால் கிளையில் முறையிடாமல் நேரே அங்கே போனால் ஏற்க மாட்டார்கள்.